முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்ததா?





முதியோர் பற்றி மிம்பரில் பேசினால் பெரும்பாலும் ஒரே திசையில்தான் பேசுவோம். பெற்றோரை இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் காலம் வந்துவிட்டதே என்று வருந்துவோம். சேர்த்தவர் ஸஃப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். சேர்க்காதவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆனால் அந்த இல்லத்தில் இப்போது படுத்திருக்கும் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நம் பயானால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது. இன்று அந்தக் கட்டிலில் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவோம்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டிக்கு அருகே குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் அதிகாரிகளும் போலீசாரும் நுழைந்தார்கள். ஆதரவற்றவர்கள், மனநலம் குன்றியவர்கள், முதியவர்கள் என 140-க்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். முறையான உரிமம் இல்லாமல் நடந்த இடம் என்று தெரிந்தது. கட்டிவைத்தார்கள், அடித்தார்கள், அதைவிடக் கேவலமானதும் நடந்தது என்று புகார்கள் வந்தன. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. யார் குற்றவாளி என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது, அந்த விஷயம் எப்படி வெளியே வந்தது என்பதை.

ஒரு குடும்பம் தேடியதால் வந்தது. நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரை 2021 கடைசியில் அங்கே சேர்த்திருந்தார்கள். சேர்த்த உறவினர் வெளிநாட்டில் இருந்தார். ஊருக்கு வந்ததும் பார்க்கப் போனார். அவர் இங்கே இல்லை, பெங்களூருவில் வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அங்கே விசாரித்தால் அங்கும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அதன் பிறகுதான் கதவு திறந்தது. அந்தப் பெரியவரைத் தேட ஓர் ஆள் இருந்தார். தேட யாருமே இல்லாதவர்களும் அதே கூரையின் கீழ் இருந்தார்கள்.

இதை ஏன் முசிறியில் சொல்கிறேன்? நம் முசிறி, தொட்டியம், துறையூர்ப் பிள்ளைகளில் பலர் துபாயில், சிங்கப்பூரில், மலேசியாவில் இருக்கிறார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் ஏறினால் இரண்டு வருடம் கழித்து இறங்குகிறார்கள். பணம் மாதாமாதம் சரியாக வருகிறது. பணம் போகிற இடத்துக்கு யாராவது போகிறார்களா என்பதுதான் கேள்வி.

சேர்ப்பது கூடுமா?

பனூ இஸ்ராயீல் சூராவின் 23, 24-ஆம் ஆயத்துகளை நாம் அறிவோம். பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சின்னச் சத்தம்கூட வரக்கூடாது, பணிவின் இறக்கையைத் தாழ்த்த வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். அந்த ஆயத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். முதுமை அவர்களை "உன்னிடத்தில்" அடையும்போது என்ற கருத்தில் வருகிறது. பிள்ளையின் பக்கத்தில், பிள்ளையின் வீட்டில் என்பதுதான் அடிப்படை. வசதியும் இடமும் ஆளும் இருந்தும், மருமகளுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அனுப்புவதற்கு எந்த ஃபத்வாவும் தேட வேண்டாம்.

அதே நேரத்தில் நிலைமை எல்லோருக்கும் ஒன்றல்ல. பிள்ளையே இல்லாதவர் உண்டு. ஒரே மகளும் எழுபது வயதை நெருங்கியவர் உண்டு. மறதி நோய் முற்றி இரவில் வாசலைத் திறந்து காவிரிக் கரை வரை நடந்துபோய்விடும் பெரியவர் உண்டு. நஹ்ல் சூராவின் 70-ஆம் ஆயத்தில், அறிந்த பிறகு எதையும் அறியாத நிலைக்குத் திருப்பப்படும் தள்ளாத வயதைப் பற்றி அல்லாஹ் சொல்கிறான். அந்த வயதை விட்டு நபி (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியிருக்கிறார்கள் என்பது புகாரியில் இருக்கிறது. அவ்வளவு கனமான நிலை அது. ஏழைப் பெற்றோருக்குச் செலவு செய்வது வசதியுள்ள பிள்ளைக்கு வாஜிப். பெற்றோருக்குப் பணிவிடைக்கு ஆள் தேவைப்பட்டால் அந்த ஆளின் செலவும் அதில் சேரும் என்று ஃபுகஹாக்கள் எழுதுகிறார்கள். ஆகவே பராமரிப்புக்கு வேறு ஆட்களின் உதவியைப் பெறுவது தவறல்ல. வேறு ஆள் வந்துவிட்டார் என்று மேற்பார்வையை விடுவதுதான் தவறு. நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், பொறுப்பில் உள்ளதைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்துள்ள ஹதீஸ் நமக்கு மனப்பாடம். அங்கே விசாரிக்கப்படுவது அந்த இல்லத்தின் மேனேஜர் மட்டுமல்ல.

புரட்டிப் படுக்க வைத்தல்

வெள்ளிக்கிழமை தோறும் கஹ்ஃபு சூரா ஓதுகிறோம். குகைவாசிகள் பல நூறு வருடங்கள் தூங்கினார்கள். அவர்களை அல்லாஹ் வலப்பக்கமும் இடப்பக்கமும் புரட்டிக்கொண்டிருந்தான் என்று 18-ஆம் ஆயத்தில் வருகிறது. எதற்குப் புரட்ட வேண்டும்? மண் அவர்களுடைய உடலை அரித்துவிடாமல் இருக்க என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக முஃபஸ்ஸிரீன்கள் விளக்கம் தருகிறார்கள். புரட்டாமலே உடலைப் பாதுகாக்க அல்லாஹ்வால் முடியாதா? முடியும். இருந்தும் படுத்தே கிடக்கும் உடலுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதையே செய்து காட்டியிருக்கிறான்.

இன்று எந்த நர்ஸிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். எழ முடியாமல் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகின் அடியில், இடுப்பு எலும்பில், குதிகாலில் ரத்த ஓட்டம் நின்று தோல் சிவக்கும். அழுத்தினாலும் மாறாத அந்தச் சிவப்புதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அந்தக் கட்டத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் ஆறிவிடும். விட்டால் குழியாகி, எலும்பு தெரியும் வரை போகும். சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மூத்திரத்தில் நனைந்த துணியோ டயாபரோ மாற்றப்படாமல் கிடந்தால் இன்னும் வேகமாக வரும்.

நீங்கள் பார்க்கப் போகும்போது அத்தா நல்ல சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பிவிடுவோம். முதுகைப் பார்த்தோமா? மகன் அத்தாவையும், மகள் அம்மாவையும் தனியாக ஒரு நிமிடம் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தால் போதும். அவுரத்தைப் பேணும் மார்க்கம் மருத்துவத் தேவைக்கு அனுமதி தருகிறது. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பகலில் ஆறு பேர், இரவில் ஒரு வாட்ச்மேன் என்றால் இரவு முழுவதும் யாரும் யாரையும் புரட்டப் போவதில்லை என்று அர்த்தம்.

தீயும் சங்கிலியும்

மதீனாவில் ஒரு வீடு இரவில், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே எரிந்துபோனது. நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, இந்த நெருப்பு உங்களுக்கு எதிரி, தூங்கும்போது அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். வேறோர் அறிவிப்பில் காரணத்தையும் விளக்கினார்கள்: எலி விளக்குத் திரியை இழுத்துப்போய் வீட்டாரையே எரித்துவிடக்கூடும். புகாரியில் உள்ள செய்திகள் இவை. கத்ரில் நம்பிக்கை கொள்ளக் கற்றுத்தந்த அதே நாவு, எலியையும் திரியையும் கவனிக்கச் சொன்னது. தவக்குல் என்ற பெயரில் ஒயரிங்கைக் கவனிக்காமல் விடுவது சுன்னத்தல்ல.

நம் மாநிலத்தில் இதற்குக் கசப்பான சாட்சிகள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அது முதியோர் இல்லமல்ல என்று ஒதுக்கிவிட முடியாது. குடும்பங்கள் நம்பி ஒப்படைத்த இடம் அது; அதுவும் ஒரு தர்காவின் நிழலில், நம்மவர்கள் நடத்திய இடம். அதன் பிறகு அப்படிப்பட்ட இல்லங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஆனால் கட்டுவதற்குச் சங்கிலிதான் வேண்டும் என்பதில்லை. மறதி நோயுள்ள மூதாட்டியின் கையைப் பழைய புடவைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டுவதும், தொந்தரவு செய்யாமல் இருக்க டாக்டர் எழுதாத தூக்க மாத்திரையைக் கொடுப்பதும் அதே இனம்தான்.

நம் மாவட்டத்துக்கே வாருங்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீற்று, மின்சாரம், குறுகிய வழி. ஓடக்கூடிய வயதினரும் இருந்த கல்யாணக் கூட்டத்துக்கே அந்தக் கதி. வாக்கர் பிடித்து நடப்பவர்கள் இரண்டாவது மாடியில் இருந்தால் என்ன ஆகும்? இல்லத்தைப் பார்க்கப் போகும்போது முதலில் இரண்டாவது வாசலைத் தேடுங்கள். பல இடங்களில் இருக்கும்; பூட்டியிருக்கும். சாவி யாரிடம், இரவில் அவர் எங்கே தூங்குகிறார் என்று கேளுங்கள்.

வக்ஃப் பத்திரத்தில் விசிறி

எங்கள் இல்லம் தர்மத்துக்காக நடத்தப்படுகிறது, இவ்வளவு கேள்வி கேட்டால் எப்படி என்று சில நிர்வாகிகள் வருத்தப்படுவார்கள். அவர்களுடைய நிய்யத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நல்ல நிய்யத்தை வைத்துக்கொண்டு வழுக்கும் பாத்ரூம் தரையை நியாயப்படுத்த முடியாது.

கெய்ரோவில் மம்லூக் சுல்தான் கலாவூன் 1284-ல் ஒரு பெரிய மருத்துவமனையைக் கட்டி வக்ஃப் செய்தார். மன்சூரி பீமாரிஸ்தான் என்பார்கள். அந்த வக்ஃப் பத்திரத்தில் எழுதியிருந்தவற்றைப் பாருங்கள். வெயில் காலத்தில் நோயாளிகளுக்கு ஓலை விசிறி வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கிண்ணத்தில் உணவு தர வேண்டும். ஒருவருடைய கிண்ணத்தில் இன்னொருவர் சாப்பிடக்கூடாது. கொண்டுபோகும் உணவு மூடியிருக்க வேண்டும். ஒரு பேரரசின் சுல்தான், கிண்ணத்தின் மூடியைப் பத்திரத்தில் எழுதி வைக்கிறார். நம் இல்லங்களின் திறப்பு விழாக் கல்வெட்டில் நன்கொடையாளர்களின் பெயர்கள் முப்பது இருக்கும். யாருக்கு எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்ற நோட்டு இருக்காது. எனக்கு அந்தக் கல்வெட்டைவிட அந்த நோட்டுதான் பெரிதாகத் தெரிகிறது.

மாத்திரை விஷயத்தில் மார்க்கம் கண்டிப்பானது. மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்த்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தெரியாத சமையல்கார அம்மா கொடுத்து, பெரியவர் மயங்கினால், அவரை அந்த வேலையில் வைத்தவர் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

பணம் வாங்காத இல்லங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. அங்கே இருப்பவர் வாய் திறக்க மாட்டார். சும்மா சோறு போடுகிறோம், பேசாமல் இரு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவராகவே அடங்கிவிடுவார். சொல்லிக்காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் தர்மம் பாழாகிவிடும் என்று பகரா சூராவின் 264-ஆம் ஆயத் எச்சரிக்கிறது. இலவச இல்லத்தில் இருப்பவர் பயமில்லாமல் குறை சொல்ல ஒரு வழி வேண்டும். அதை நிர்வாகமே ஏற்படுத்த வேண்டும்.

உமர் (ரலி) அவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

மதீனாவின் ஓரத்தில் பார்வையில்லாத ஒரு மூதாட்டி. உமர் (ரலி) இரவில் போய்த் தண்ணீர் எடுத்து வைத்து வேலைகளைச் செய்வார்கள். சில நாட்களில் போனால் யாரோ முந்திக்கொண்டு எல்லாம் செய்து முடித்திருந்தார்கள். மறைந்திருந்து பார்த்தார்கள். வந்தவர் அன்றைய கலீஃபா அபூபக்ர் (ரலி)! வரலாற்று நூல்களில் பிரபலமான சம்பவம். இதை நாம் பணிவுக்கு உதாரணமாகச் சொல்வோம். இன்னொன்றும் இருக்கிறது. இருவரும் நேரில் போனார்கள், இரவில் போனார்கள், சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்லிவிட்டுப் போனால் தெரிவது பெருக்கிய தரைதான்.

ஆகவே சொல்லாமல் போங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்திலோ மாலை மங்கும் நேரத்திலோ போங்கள். வாசலில் மூக்கு சொல்லிவிடும், மூத்திர வாடையா பினாயில் வாடையா என்று. இரண்டும் அளவுக்கு மீறினால் நல்லதல்ல. கழிவறைச் சுவரில் கைப்பிடி இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் அதன் பிறகு எழாமலே போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? எட்டாத இடத்தில் வைத்த சொம்பு இல்லாத சொம்புதான். மூக்குக் கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றும் அவருடையதுதானா? எடை குறைந்திருக்கிறதா? மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்கிறார்களா? பெண்களைக் குளிப்பாட்டுவது பெண்களா? தொழ நினைப்பவருக்கு ஒளூவுக்கு உதவ ஆள் உண்டா? சிறுநீர் அடக்க முடியாதவர் தொழுகையையே விட்டுவிட வேண்டியதில்லை, மஃதூருடைய சட்டம் இருக்கிறது என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா?

வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலில் பேசும்போது, போனைப் பிடித்திருப்பவர் யார் என்று கவனியுங்கள். ஊழியர் பிடித்திருக்கும் போனில் எந்த அத்தாவும் குறை சொல்ல மாட்டார். ஊரில் இருக்கும் மச்சானோ, சாச்சாவின் மகனோ, பள்ளித் தோழனோ ஒருவரை மாதம் இருமுறை போய்வரச் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவை நீங்கள் கொடுங்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2009-ல் வந்தன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பராமரிப்புச் செலவு தர வேண்டும். தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கும் பட்சத்தில் பத்திரத்தையே செல்லாததாக்க வழி உண்டு. முதியவரைக் கைவிட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டாம். தீர்ப்பாயத்தின் தலைவர் கோட்டாட்சியர். நமக்கு முசிறி கோட்டாட்சியர் அலுவலகமே இருக்கிறது. இல்லங்கள் பதிவு பெற்றவையா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் சொல்லலாம். காட்டிக்கொடுப்பதாகுமே என்று தயங்க வேண்டாம். அநியாயம் செய்யப்பட்டவருக்காகச் சொல்வது புறம் பேசுவதில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) போன்றவர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

ஜமாஅத்தாரிடம் ஒரு கோரிக்கை. சுற்றுவட்டாரத்தில் உள்ள இல்லங்களில், யார் நடத்தினாலும் சரி, நம்மவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இந்த மாதம் ஒரு பட்டியல் எடுப்போம். பார்க்க ஆள் இல்லாதவர்களின் பெயர்கள் முதலில் வரட்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு மதத்தவர் என்றால் அவரிடமும் உட்கார்ந்து நலம் விசாரிப்போம். பிச்சை எடுத்த யூதப் பெரியவருக்கு பைத்துல்மாலில் இருந்து கொடுக்கச் சொன்னவர்கள் உமர் (ரலி). பெண்கள் பகுதிக்கு நம் வீட்டுப் பெண்கள் போகட்டும். பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள், ஆகவே பிஸ்கட்டும் ஜிலேபியும் வேண்டாம். நகவெட்டியும், தேங்காய் எண்ணெயும், பெரிய எழுத்துக் குர்ஆன் ஒன்றும் கொண்டுபோகலாம். பார்த்த தேதியையும் பார்த்ததையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வாரம் போகிறவரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள்.